என் வாய், என் நெஞ்சு, என் காசு: உணவு, புகை, தனிமனித உரிமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கங்களிலும் உள்ள சனசமூக நிலையங்களுக்கும் வாசிகசாலைகளுக்கும் உணவுப் பழக்கம், புகைத்தல் ஆகியவை பற்றிப் பேசப் போகும்போதெல்லாம், பேச்சு முடிந்து தேநீர் பரிமாறுகின்ற வேளையில்தான் உண்மையான கேள்விகள் வெளிவருகின்றன. நோயைப் பற்றிய கேள்விகள் அவற்றில் குறைவு. உரிமையைப் பற்றிய கேள்விகளே அதிகம். திரும்பத் திரும்ப எழுந்தவற்றைத் தொகுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் வைத்தியன் அல்லன். 19 ஆண்டுகள் புகைத்துவிட்டுப் பின்னர் விட்டவன். ஆகவே மருந்து, சிகிச்சை பற்றிய முடிவுகளை உங்கள் வைத்தியரோடு கதைத்தே எடுக்க வேண்டும்.

என் உடம்பு என்னுடையது. நான் எதைத் தின்கிறேன், எதைப் புகைக்கிறேன் என்பதில் மற்றவர்களுக்கு என்ன வேலை?

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். வயது வந்த, சித்த சுவாதீனமுள்ள ஒருவருக்குத் தன் உடம்பைப் பற்றிய முடிவை எடுக்கும் உரிமை உண்டு. அந்த முடிவு புத்திசாலித்தனமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. சங்கும் கடலட்டையும் எடுக்க ஆழத்துக்கு மூழ்குகின்ற ஒருவர், நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகின்ற என்னைவிடப் பல மடங்கு ஆபத்தைத் தினமும் ஏற்றுக்கொள்கிறார். அவரைப் பார்த்து "உனக்கு உன் உயிரின் அருமை தெரியவில்லை" என்று சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை.

ஆனால் அந்தச் சுழியோடிக்குத் தன் ஆபத்து தெரியும், வேண்டாமென்று தோன்றும் நாளில் அவர் கரையில் நின்றுவிட முடியும், அவர் மூழ்குவதால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூச்சு முட்டுவதில்லை. "என் உடம்பு, என் முடிவு" என்ற வாக்கியம் முழு வலிமையோடு நிற்பது இந்த நிலைமைகள் இருக்கும்போதுதான். சாப்பாட்டைப் பொறுத்தவரை அவை பெரும்பாலும் இருக்கின்றன. புகையைப் பொறுத்தவரை பெரும்பாலும் இல்லை. இந்தப் பக்கத்தில் வருகின்ற மற்றப் பதில்கள் எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

புகைப்பதும் ஒருவரது சுதந்திரமான தெரிவுதானே?

முதலாவது சிகரட் வேண்டுமானால் தெரிவாக இருக்கலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: புகைப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பதின்ம வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ, அதாவது நாற்பது வருடங்களுக்குப் பிறகு வரப்போகின்ற நெஞ்சுவலியை எந்த மனிதனும் கற்பனை செய்ய முடியாத வயதில், தொடங்கியவர்கள். அதன் பிறகு நடப்பதை நிக்கொட்டினே நடத்துகிறது. இழுத்த புகையிலிருந்து அது ஏறத்தாழ 10 முதல் 20 செக்கன்களுக்குள் மூளையை அடைகிறது. இரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 மணித்தியாலத்தில் பாதியாகக் குறைகிறது. குறைந்தவுடன் மனம் அந்தரப்படத் தொடங்குகிறது. அடுத்த சிகரட் அந்த அந்தரத்தைத் தணிக்கும்போது அதனை நாம் "மன ஆறுதல்" என்கிறோம். உண்மையில், முந்திய சிகரட் வைத்துவிட்டுப் போன கடனுக்கு நாம் கட்டும் வட்டி அது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். யுத்த காலத்தில், ஊரடங்குச் சட்டம் போட்டிருந்த ஓர் இரவில், கையில் இருந்த பெட்டி முடிந்துவிட்டது. வெளியே போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. முற்றத்தில் நான் எறிந்திருந்த அடிக்கட்டைகளை டோர்ச் வெளிச்சத்தில் பொறுக்கி, எஞ்சியிருந்த தூளை உதறி எடுத்து, பிள்ளையின் அப்பியாசக் கொப்பித் தாளில் சுருட்டிப் புகைத்தேன். அந்த இரவில் நான் எதையும் தெரிவு செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

தனிமனித சுதந்திரத்துக்காக மிகக் கடுமையாக வாதாடிய 19ஆம் நூற்றாண்டு ஆங்கில மெய்யியலாளர் ஜோன் ஸ்டுவர்ட் மில், ஒருவர் தன்னைத்தானே அடிமையாக விற்றுக்கொள்ளும் உரிமை சுதந்திரத்துக்குள் அடங்காது என்றார். சுதந்திரத்தைக் கொண்டு சுதந்திரத்தையே இல்லாமற் செய்ய முடியாது என்பது அவருடைய காரணம். அவர் புகையிலையை மனத்தில் வைத்து இதனைச் சொல்லவில்லை. எனக்கோ இதை நினைக்கும் போதெல்லாம் அந்தக் கொப்பித் தாள்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

நான் நினைத்தால் விட்டுவிடுவேன். நோன்பு காலத்தில் பகல் முழுவதும் புகைக்காமல்தானே இருக்கிறேன்?

கிண்ணியாவில் இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. கந்த சஷ்டி விரதம் பிடிப்பவர்களும் இதனையே வேறு சொற்களில் கேட்பார்கள். நோன்பின் கட்டுப்பாடு பெரிய விடயம் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் நோன்பு திறந்து, பேரீச்சம்பழமும் கஞ்சியும் முடிந்த கையோடு எத்தனை பேர் பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே ஒதுங்குகிறார்கள் என்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். புகைக்காமல் இருக்கும் வேதனை முதல் 2, 3 நாட்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு படிப்படியாகக் குறைவது வழக்கம். பகலில் நிறுத்தி இரவில் தொடங்குபவர், அந்த மலையில் பாதித் தூரம் ஏறியபின் ஒவ்வோர் இரவும் கீழே இறங்கி, மறுநாள் அடிவாரத்திலிருந்து மீண்டும் ஏறுகிறார். கடினமான பாதியை முப்பது தடவை ஏறுகின்ற ஒருவருக்கு மறு பாதியை ஒரு தடவை ஏறுவது முடியாத காரியம் அல்ல. உங்கள் வாதம் விட முடியும் என்பதற்கு நல்ல சாட்சி. விட்டுவிட்டீர்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

அப்படியானால் கொத்துரொட்டியும் சிகரட்டும் ஒன்றுதானா? இன்று சிகரட், நாளைக்குக் கொத்து என்று தடை வருமா?

இரண்டும் ஒன்றல்ல, ஒன்றென்று பேசுகின்ற சுகாதாரப் பிரசாரகர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள் என்றே நினைக்கிறேன். உண்ணாமல் எவரும் வாழ முடியாது, புகைக்காமல் எல்லோரும் வாழலாம். இரவு எட்டு மணிக்கு நகரத்துக் கடைகளிலிருந்து எழுகின்ற அந்தத் தகட்டுச் சத்தத்தைக் கேட்டு மாதத்தில் ஒரு தடவை கொத்துச் சாப்பிடுகின்ற ஒருவருக்கு அதனால் எந்தக் கேடும் வரப்போவதில்லை. கிழமையில் ஐந்து நாள் இரவுச் சாப்பாடு அதுவேயானால் கதை வேறு. உணவில் அளவும் அடிக்கடியும்தான் கேள்வி. புகையிலையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. 2018ஆம் ஆண்டு வெளியான, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வின்படி, நாளுக்கு ஒரேயொரு சிகரட் புகைப்பவருக்கும் 20 சிகரட் புகைப்பவருக்கு ஏற்படுகின்ற மேலதிக இதயநோய் அபாயத்தில் ஏறத்தாழப் பாதி ஏற்படுகிறது. இருபதில் ஒரு பங்கு புகைத்தால் இருபதில் ஒரு பங்கு ஆபத்து என்று கணக்குப் போட்டு ஆறுதல் அடைய முடியாது.

அதற்காக உணவில் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. உப்புவெளி, உப்பாறு என்று ஊர்ப் பெயரிலேயே உப்பை வைத்திருக்கின்ற நாங்கள், நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பைச் சேர்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் சொல்வதைக் கேட்டால் சிரிப்போம். ஒரு துண்டுக் கருவாடும் ஊறுகாயும் மிக்சரும் சேர்ந்தால் அந்த அளவின் பெரும் பகுதி பகலுக்குள்ளேயே முடிந்துவிடும். ஆனாலும் உங்கள் கோப்பையில் இருக்கும் கருவாட்டை எடுத்துவிடும் அதிகாரத்தை எந்த அரசாங்கத்துக்கும் கொடுக்க நான் தயாராக இல்லை.

பக்கத்தில் இருப்பவருக்கு என்ன கேடு? ஜன்னலைத் திறந்துவிட்டுப் புகைத்தால் போதாதா?

போதாது. புகையிலைப் புகையில் 7,000க்கும் அதிகமான இரசாயனங்கள் இருக்கின்றன; அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. ஜன்னலும் மின்விசிறியும் மணத்தைக் குறைக்குமே தவிர, நுண்ணிய துணிக்கைகளை அகற்றிவிட மாட்டா. வீட்டிலோ வேலைத்தலத்திலோ பிறர் விடும் புகையைச் சுவாசிக்கின்ற, தாம் புகைக்காத ஒருவருக்கு இதயநோய் ஏற்படும் வாய்ப்பு 25 முதல் 30 சதவீதமும், நுரையீரற் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு 20 முதல் 30 சதவீதமும் அதிகரிப்பதாக அமெரிக்காவின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவரது 2006ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 13 இலட்சத்துக்கும் அதிகமானோர் இவ்வாறு மற்றவரின் புகையால் இறக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

எங்கள் நாட்டில் பெண்கள் புகைப்பது மிக மிகக் குறைவு. ஆகவே "தனிமனித உரிமை" என்று நாங்கள் இங்கே பேசுவது நடைமுறையில் ஆண்களின் உரிமை. அதற்கான விலையைக் கட்டுவதோ அதே கூரையின் கீழ் இருக்கின்ற மனைவியும் தாயும் பிள்ளைகளும். இழுப்பு வருகின்ற பிள்ளை "அப்பா, வெளியே போய்ப் பத்துங்கோ" என்று சொல்வதற்குத் தேவையான தைரியம் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் இருப்பதில்லை. உரிமையைப் பற்றிப் பேசுகின்ற கூட்டங்களில் முன்வரிசைக் கதிரைகளில் எப்போதும் ஆண்களே இருப்பதால், இந்தப் பக்கத்தைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டம் எங்கே புகைக்கக் கூடாது என்று சொல்கிறது?

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், மூடப்பட்ட பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்கிறது. அலுவலகம், வைத்தியசாலை, பாடசாலை, பேருந்து ஆகியவை இதற்குள் அடங்கும். 30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள விடுதிகள் போன்ற சில இடங்களில், தனியாக ஒதுக்கிய, காற்றோட்டமுள்ள பகுதிக்கு மட்டும் விலக்கு உண்டு. நிலாவெளி, உப்புவெளிப் பெரிய விடுதிகளில் அவ்வாறான மூலைகளைக் காணலாம்.

நிலாவெளிக் கடற்கரையில், திறந்த வெளியில் புகைப்பதும் குற்றமா?

மூடப்பட்ட இடத்துக்கான அந்தத் தடை திறந்த மணலுக்குப் பொருந்தாது. அடிக்கட்டையை மட்டும் மணலில் புதைத்துவிட்டு வராதீர்கள். அதிலுள்ள வடிகட்டி பஞ்சு போலத் தெரிந்தாலும் உண்மையில் அது ஒரு வகைப் பிளாஸ்டிக். நீங்கள் வீடு போய்ச் சேர்ந்து பல காலம் சென்ற பிறகும் அது அங்கேயே கிடக்கும்.

இலவச வைத்தியசாலையில் உங்கள் சிகிச்சைக்கு மக்கள் காசு செலவாகிறது என்கிறார்கள். புகைப்பவர்களாகிய நாங்கள் சிகரட் வரியாக அதைவிட அதிகம் கட்டுகிறோமே?

இந்த வாக்குவாதத்தில் இரண்டு தரப்பும் சொல்பவை எனக்கு முழுமையாகப் பிடிப்பதில்லை. "உன் நோய்க்கு என் வரிக்காசு" என்ற வாதத்தை அதன் முடிவு வரைக்கும் இழுத்துச் சென்றால், மோட்டார் சைக்கிள் ஓடுபவர், கரப்பந்தாட்டத்தில் முழங்கால் முறிப்பவர், பிள்ளை பெறுபவர் எல்லோருமே அண்டை வீட்டாரிடம் அனுமதி கேட்க வேண்டிவரும். இலவச வைத்தியம் என்பது நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் தருகின்ற பரிசு அல்ல. மறுபுறம், வரி கட்டுவதால் கணக்கு நேராகிவிடுகிறது என்பதும் தவறு. திறைசேரிக்கும் வைத்தியசாலைக்கும் இடையில் கணக்கு நேரானாலும், வீட்டுக் கணக்கு நேராவதில்லை.

வீட்டுக் கணக்கு என்பது இதுதான். 48 வயதில் பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்த ஒரு மேசன் வேலைக்காரரின் வைத்தியசாலைக் கட்டில் இலவசம். ஆனால் மூதூரிலிருந்து ஒவ்வொரு கிழமையும் நகரத்துக்குக் கிளினிக் வந்து போகும் பயணம், அவரைப் பார்ப்பதற்காகத் தையல் வேலையை விட்ட மனைவியின் வருமானம், உயர்தரப் பரீட்சையை இடையில் விட்டுக் கடையில் சேர்ந்த மகனின் எதிர்காலம் ஆகிய எதுவும் எந்த வரிப் பற்றுச்சீட்டிலும் வராது. "என் காசு" என்று சொல்பவரிடம் நான் வழக்கமாகக் கேட்பது, அந்தக் காசில் வீட்டில் வேறு யாருக்கெல்லாம் பங்கு இருக்கிறது என்பதை மட்டுமே. கூலி வேலை செய்பவர் நாளுக்கு 5 சிகரட்டுக்குக் கொடுக்கின்ற காசை ஒரு மாதத்துக்குப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கடுதாசியில் கணக்குப் போட்டவர்களில் பலர் அந்தக் கடுதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் போயிருக்கிறார்கள்.

தானே தேடிக்கொண்ட நோய்க்குச் சிகிச்சை கொடுக்கத்தான் வேண்டுமா?

வேண்டும். இந்தக் கேள்விக்கு இரண்டாவது வாக்கியம் எழுத நான் விரும்பவில்லை.

அதிக வரி, பயமுறுத்தும் படங்கள், வயதெல்லை என்று அரசாங்கம் எங்களைச் சின்னப் பிள்ளைகளாக நடத்துவது சரியா?

மூன்றையும் வேறுவேறாகப் பார்க்க வேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது அந்த வயதைத் தாண்டியவர்களின் உரிமையைத் தொடுவதே இல்லை. பெட்டியின் மேற்பரப்பில் 80 சதவீதத்தை எச்சரிக்கைப் படங்கள் மூட வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்ததும் யாருடைய கையையும் கட்டவில்லை; அது தகவல். தகவல் தெரிந்த பிறகு எடுக்கும் முடிவுக்கே தெரிவு என்று பெயர். ஆனால் இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் சின்னக் கடைகளில் பெரும்பாலானோர் பெட்டியாக வாங்குவதில்லை. ஒன்று, இரண்டாக வாங்கி, கடை வாசலில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு போகிறார்கள். நாடாளுமன்றம் வரை சென்று பெருப்பித்த அந்தப் படம் கடைக்காரரின் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறது.

வரி சற்றுச் சிக்கலானது. மேலே சொன்ன மில், ஒரு பொருளை மக்களுக்குக் கிடைக்காமற் செய்வதற்காகவே வரி போடுவதை எதிர்த்தார். அதே நேரம், அரசாங்கம் எப்படியும் வரி எடுக்கத்தான் வேண்டுமென்றால், மக்கள் எளிதில் விட்டுவிடக்கூடிய பொருட்களில் அதனை எடுப்பதே மேல் என்றும் ஏற்றுக்கொண்டார். அரிசிக்கும் பருப்புக்கும் வரி கட்டுகின்ற ஒரு நாட்டில், சிகரட்டுக்குக் கட்டுவதைப் பற்றி அழ எனக்கு மனம் வரவில்லை. விலை ஏறும்போது முதலில் விடுபவர்கள் இளைஞர்களும் காசு குறைந்தவர்களுமே என்பது பல நாடுகளில் கண்ட அனுபவம். விடாத ஏழையைத்தான் அந்த வரி மிக அதிகமாக வருத்துகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முழுத் தடைக்கு நான் எதிரானவன். பூட்டான் 2004ஆம் ஆண்டு புகையிலை விற்பனையைத் தடை செய்தது. எல்லையைத் தாண்டிக் கடத்தல் பெருகியது. கோவிட் காலத்தில் அந்தத் தடையைத் தளர்த்த வேண்டியும் வந்தது. நியூசிலாந்து, குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஒருபோதும் விற்க முடியாதவாறு 2022ஆம் ஆண்டு சட்டம் இயற்றி, அது நடைமுறைக்கு வருமுன்னரே 2024ஆம் ஆண்டு அதனை நீக்கியது. கடலோர ஊரில் வாழ்கின்ற எங்களுக்குக் கடத்தல் என்றால் என்னவென்று பூட்டான்காரர் வந்து விளக்கத் தேவையில்லை.

குளிர்பானப் போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் போடுவதால் என்ன பயன்?

2016ஆம் ஆண்டு முதல் இலங்கையில் விற்கின்ற இனிப்புப் பானங்களில் இந்த அடையாளம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை இருந்தால் மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. தெரிவுச் சுதந்திரத்தோடு மிக நன்றாக ஒத்துப்போகின்ற ஒழுங்கு இது. சிவப்பை விரும்புபவர் சிவப்பையே வாங்கலாம். இதன் மறைமுகமான பயன் இன்னும் பெரிது: சிவப்பு வட்டத்தை ஒட்ட விரும்பாத உற்பத்தியாளர் சீனியைத் தானாகவே குறைக்கத் தூண்டப்படுகிறார். 2003ஆம் ஆண்டு டென்மார்க், தொழிற்சாலையில் உருவாகின்ற, இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்புக்கு எல்லை விதித்தபோதும் அவ்வாறே நடந்தது. பேஸ்ட்ரி சாப்பிடுபவர்களுக்கு எந்தச் சுவை வேறுபாடும் தெரியவில்லை. எந்தக் கொழுப்பைப் போடுவது என்ற முடிவு அதுவரை செய்பவரின் கையிலேயே இருந்தது, தின்பவரிடம் எவரும் கேட்டிருக்கவில்லை. "உண்பவரின் சுதந்திரம்" என்ற பதாகையின் கீழே நின்று கத்துவது பல தடவை விற்பவரின் சுதந்திரமே.

ஆனால் எங்கள் சீனியின் பெரும் பங்கு போத்தலில் வருவதில்லை, கிளாசில் வருகிறது. ஒரு தேநீருக்கு மூன்று கரண்டி, நாளுக்கு ஐந்து தேநீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி 4 கிராம் என்றாலும் 60 கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்கின்ற உச்ச எல்லை, எல்லா உணவிலும் பானத்திலும் சேர்க்கப்பட்டதையும் கணக்கிட்டு, வளர்ந்தவர் ஒருவருக்குச் சுமார் 50 கிராம். முடிந்தால் 25 கிராம். இத்தனைக்கும் அந்த மூன்று கரண்டியை நீங்கள் கேட்கவே இல்லை, அது தானாகவே வந்தது. டொக்யார்ட் வீதிப் பக்கத்து ஒரு தேநீர்க் கடையில் "சீனி போடாமல் ஒரு பிளேன்டீ" என்று கேட்டுப் பாருங்கள், "ஐயாவுக்குச் சீனி வருத்தமோ?" என்ற கேள்வியோடு கடை முழுவதும் உங்களைத் திரும்பிப் பார்க்கும். சீனியைத் தனியாக வைத்துக் கொடுக்கின்ற கடைகள் அதிகமானால், எந்தச் சட்டமும் இல்லாமலே ஊரின் சுதந்திரம் கொஞ்சம் கூடும்.

விருந்துக்குப் போன இடத்தில் வற்புறுத்திப் போடுகிறார்களே, என்ன செய்வது?

எனக்குக் கேட்டால், இந்த மாவட்டத்தில் உணவுச் சுதந்திரத்துக்கு உள்ள மிகப் பெரிய இடையூறு அரசாங்கம் அல்ல, எங்கள் விருந்தோம்பலே. "இன்னும் ஒரு கரண்டி", "எங்கட வீட்டுச் சாப்பாடு பிடிக்கேல்லையோ", "ஒரு நாளைக்குச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று மூன்று பக்கமும் சூழ்ந்துகொள்ளும்போது, அங்கே மறுக்கும் உரிமைக்கு இடமே இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான்; ஆனால் கலியாணம், பூப்புனித நீராட்டு, அந்தியேட்டி, குடிபூரல், பெருநாள், பொங்கல் என்று அந்த ஒரு நாள் வருடத்தில் எத்தனை தடவை வருகிறது?

கோதுமை மா ஆலை சீனன்குடாவிலேயே இருக்கின்ற ஊரில், விருந்தென்றால் பராட்டாவும் ரோல்சும் கேக்கும் முந்திக்கொண்டு வந்து நிற்பதில் வியப்பில்லை. மறுப்பதற்கு நான் கண்ட சிறந்த வழி, தொடக்கத்திலேயே குறைவாக வாங்கி, மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் வாய்விட்டுப் பாராட்டி, அதையே இரண்டாம் தடவை கேட்டு வாங்குவது. சமைத்தவருக்குத் தேவை அந்தப் பாராட்டு. உங்கள் கோப்பையின் எடை அல்ல. விருந்து வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒருவர் "போதும்" என்றால் அகப்பையைத் தாழ்த்துங்கள்.

எங்கள் அப்பாவுக்கு 76 வயது, நீரிழிவு. இனிப்பை ஒளித்து வைக்கிறோம். அது பிழையா?

ஒளிப்பது பிழை என்றே நினைக்கிறேன். எப்படியும் அவர் கண்டுபிடித்துவிடுவார், அல்லது சந்திக் கடையில் போய் வாங்கிச் சாப்பிடுவார். நெற்றி வியர்வையில் உங்களை வளர்த்த ஒருவருக்கு அலுமாரிச் சாவி மறுக்கப்படும்போது அவர் இழப்பது இனிப்பை மட்டுமல்ல. அவரையும் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போய், அவர் முன்னிலையிலேயே கேளுங்கள்: சர்க்கரைப் பொங்கலில் எவ்வளவு சாப்பிடலாம், அன்று சோற்றை எவ்வளவு குறைக்க வேண்டும், மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா? இன்சுலினோ வேறு மருந்தோ எடுப்பவர் தானாகவே சாப்பாட்டை வெட்டினால் சீனி அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரக்கூடும் என்பதால், இந்த உரையாடல் அவசியம். எல்லாவற்றையும் அறிந்த பிறகும் "எனக்கு இருக்கிற நாளுக்கு ஒரு மோதகம் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்" என்று அவர் சொன்னால், அது அவருடைய முடிவு. நான் மகனாக இருந்தால் மோதகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன். அவர் அறிவு தெளிவாக இல்லாத நிலையில் இருந்தால் மட்டுமே கதை மாறும்.

வெற்றிலை எங்கள் பண்பாடு. அதையும் விடச் சொல்வீர்களா?

தாம்பூலத் தட்டைச் சபையில் வைப்பது பண்பாடு. நாளுக்குப் பத்துத் தடவை பாக்கை மென்று கன்னத்தில் அடக்கி வைப்பது பழக்கம். முன்னதை யாரும் தொடவில்லை. பின்னதைப் பற்றி உண்மை கடுமையானது: புகையிலை சேர்க்காவிட்டாலும், பாக்கு மட்டுமே மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் வகைப்படுத்தியிருக்கிறது. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பொதிகளில் வருகின்ற, புகையிலை கலந்த மெல்லும் கலவைகள் இங்கே 2016ஆம் ஆண்டே தடை செய்யப்பட்டன. மின்சிகரட்டும் அதே ஒழுங்குவிதியில் அடங்கும்.

இங்கே உரிமைப் பேச்சைவிடத் தகவலே முக்கியம். ஏனென்றால் வயல் வேலையிலும் தோணியிலும் பசியையும் தூக்கத்தையும் அடக்க வெற்றிலை போடுகின்ற பலருக்குப் புகையிலைதான் கேடு, பாக்கு மருந்து என்ற எண்ணம் இருக்கிறது. வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஆறாத படை தெரிந்தாலோ, உறைப்புப் பட்டவுடன் எரிந்தாலோ, வாயை முன்புபோல அகலத் திறக்க முடியாமற் போனாலோ, பல் வைத்தியரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள். நேரத்தோடு கண்டால் பெரும்பாலும் குணமாக்கலாம்.

நான் சின்னக் கடை வைத்திருக்கிறேன். "அப்பா வாங்கிவரச் சொன்னவர்" என்று பிள்ளை வந்தால் கொடுக்கலாமா?

கூடாது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதே குற்றம். யாருக்காக வாங்குகிறார் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. அந்தத் தகப்பனாரின் உரிமைக்கு இதனால் எந்தக் குறையும் வராது. அவருக்குக் கால் இருக்கிறது, வந்து வாங்கலாம்.

30, 40 வருடம் புகைத்தாயிற்று. இனி விட்டு என்ன பயன்?

பிரித்தானிய வைத்தியர்களை 1951 முதல் 2001 வரை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று, வாழ்நாள் முழுவதும் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முந்தி இறந்ததைக் கண்டது. 30 வயதில் விட்டவர்கள் அந்தப் 10 ஆண்டுகளையும், 40இல் விட்டவர்கள் 9 ஆண்டுகளையும், 50இல் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 60இல் விட்டவர்கள் 3 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டார்கள். விட்டு ஓர் ஆண்டு ஆகும்போது இதயநோயின் மேலதிக அபாயம் ஏறத்தாழப் பாதியாகிறது. எனது முதல் முயற்சி 4 நாளும், இரண்டாவது 7 மாதமும் நீடித்தன. மூன்றாவது இன்றுவரை நீடிக்கிறது. பலருக்கும் இப்படித்தான் நடக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நிக்கொட்டின் மெல்லும் பசை போன்ற உதவிகள் வேண்டுமானால் கிளினிக்கில் கேளுங்கள்.

நீங்கள் விட்டுவிட்டீர்கள். புகைக்கின்ற நண்பர்களோடு இப்போதும் பழகுகிறீர்களா?

பழகுகிறேன். பின்னேரங்களில் கடற்கரையில் என்னோடு உட்காருகின்ற பழைய நண்பர் ஒருவர் நாளுக்கு ஒரு பெட்டி முடிப்பவர். அவருக்காக நான் சிகரட் வாங்குவதில்லை; கையில் இருப்பதைப் பறிப்பதும் இல்லை; வருடத்தில் ஒரு தடவை, அவருடைய பிறந்தநாளன்று மட்டும், விடச் சொல்லிக் கேட்பேன். அவரும் அன்றைக்கு மட்டும் கோபப்படாமல் கேட்டுக்கொள்வார். மற்ற நாட்களில் கிழக்கே கடலைப் பார்த்தபடி இருவரும் கதைத்துக்கொண்டிருப்போம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகின்ற காலமென்றால் அவருக்கு வலப்பக்கத்திலும், வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கிவிட்டால் இடப்பக்கத்திலும் நான் உட்காருவேன்.